மனை வாங்கும் முன் காகிதத்துக்கும் தூக்குக்குண்டு பிடிப்போம்!

(இரண்டாம் ஆண்டு மாணவன், கட்டடவியல் துறை)



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள் பெரியவர்கள். அந்த இரண்டுக்கும் முன்னால் மனையை வாங்கிப் பார் என்று ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது என் அனுபவம்.

என் அப்பா கொத்தனார். 22 வருஷமாக ஊராருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவர். நாங்கள் இருப்பதோ வாடகை வீடு. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். சென்ற தை மாதம், டவுனை ஒட்டிய கிராமத்தில் ஒரு மனை விலைக்கு வந்தது. "மூணு சென்ட் மேஸ்திரி, சென்ட் ரெண்டு லட்சம். பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு. விட்டா நாளைக்கு வேற பார்ட்டி முடிச்சிருவாங்க" என்றார் புரோக்கர். அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த 50,000 ரூபாய் அன்று மாலையே ரொக்கமாகப் போனது. 20 ரூபாய் முத்திரைத் தாளில் அப்பா கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து யார் தெரியுமா? நான்தான்! படித்த பையன் என்று கூட்டிப் போனார்கள். ஒரு வரி கூடப் படிக்காமல் போட்டேன்.

அன்று ராத்திரி அப்பா ஜெராக்ஸ் கட்டை என்னிடம் கொடுத்து, "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு" என்றார். எனக்கு விளங்கவில்லை. மறுநாள் எங்கள் சர்வே ஆசிரியரிடமும், அவர் காட்டிய வக்கீலிடமும் போனேன். அங்கே தெரிந்துகொண்ட தவறுகளைத்தான் கீழே தருகிறேன். இவை நாங்கள் செய்தவை. நீங்கள் செய்யாதீர்கள்.

1. கடைசிப் பத்திரத்தை மட்டும் பார்ப்பது. விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது, அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது என்று தாய்ப்பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். ஜெராக்ஸ் போதாது, அசலைக் கேளுங்கள். அசல் இல்லை என்றால் அது எங்கேயாவது அடமானத்தில் இருக்கலாம்.

2. வில்லங்கச் சான்றிதழைக் குறைந்த காலத்துக்குப் போடுவது. புரோக்கர் காட்டியது 13 வருஷத்துக்கு. குறைந்தது 30 வருஷத்துக்குப் பார்க்கச் சொன்னார் வக்கீல். பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் பதிவான விவரம்தான் அதில் வரும். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆகவே வில்லங்கம் சுத்தமாக இருந்தாலும் விசாரணை வேண்டும்.

3. பட்டா இருக்கிறது என்று நிம்மதியாவது. பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டும் உரிமையை நிரூபித்துவிடாது. பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் உட்பிரிவும் பட்டாவிலும் புலப்படத்திலும் ஒத்துப்போக வேண்டும். நிலம் புறம்போக்கா, கோயில் நிலமா, 1892 முதல் பட்டியல் சாதி மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலமா என்றும் பார்க்க வேண்டும்.

4. பெண் வாரிசை மறப்பது. எங்களைத் தடுத்தது இதுதான். சொத்து ஒரு பெரியவர் சம்பாதித்தது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். விற்க வந்தவர்கள் இரண்டு மகன்கள். வாரிசுச் சான்றிதழில் மூன்றாவதாக ஒரு மகள் பெயர் இருந்தது. "அது கட்டிக் கொடுத்த பொண்ணு, பங்கு கிடையாது" என்றார் புரோக்கர். தவறு! 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. கல்யாணம் ஆனதால் பங்கு போகாது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்திலும் 2005 திருத்தம் மகளுக்குச் சம உரிமை தந்திருக்கிறது. அந்த அம்மா கையெழுத்து இல்லாமல் வாங்கியிருந்தால் நாளைக்குக் கோர்ட்டுக்கு அலைவது நாங்கள்தான்.

5. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற சொல்லை நம்புவது. மனைப்பிரிவுக்கு ஊராட்சித் தலைவர் முத்திரை மட்டும் செல்லாது. டி.டி.சி.பி. என்னும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி வேண்டும். சென்னைப் பெருநகரில் என்றால் சி.எம்.டி.ஏ. அங்கீகாரமில்லா மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017-ல் வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20 வரை உருவான மனைகளுக்குத்தான். 500 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்து விற்பவர் 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு எண் பெற வேண்டும். எண்ணைக் கேளுங்கள்!

6. அளக்காமல் வாங்குவது. இது நம் பாடம் தோழர்களே! நானும் இரண்டு நண்பர்களும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தோம். 30 அடிக்கு 40 அடி, அதாவது 1,200 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்ட் என்றால் 1,306.8 வர வேண்டும். இருந்ததோ 2.75 சென்ட்! இல்லாத கால் சென்டுக்குச் சுமார் 49,000 ரூபாய் கொடுக்க இருந்தோம். மூலைவிட்டத்தையும் பிடித்துப் பாருங்கள். 30-க்கு 40 மனையில் இரண்டு மூலைவிட்டமும் 50 அடி வந்தால்தான் மூலை மட்டம் சரி.

7. அட்வான்ஸை அவசரமாக, ரொக்கமாகக் கொடுப்பது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். பத்திரம் சரியில்லை என்றால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எங்கள் தாளில் அந்த வரி இல்லை.

8. மனை விலையை மட்டும் கணக்குப் போடுவது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 6 லட்சத்துக்கு 54,000 ரூபாய் ஆகிறது. எழுத்துக் கூலி, வக்கீல் பீஸ் தனி.

எங்கள் கதை என்ன ஆயிற்று? நாலு மாதம் நடையாய் நடந்து 30,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதி 20,000 போனது போனதுதான். அம்மா அடுத்த சீட்டில் சேர்ந்துவிட்டார். எனக்குத்தான் அந்தச் சாட்சிக் கையெழுத்து இன்னும் உறுத்துகிறது. அப்பா என்னைத் திட்டவில்லை. "சுவத்துக்கு நான் தூக்குக்குண்டு பிடிக்கிறேன். இனிமே காகிதத்துக்கு நீ பிடி" என்று மட்டும் சொன்னார்.

தோழர்களே, பட்டயம் வாங்கி நாம் பல பேருக்கு வீடு கட்டப் போகிறோம். அதற்கு முன் நம் வீட்டுக் காகிதத்தை நாம் வாசிப்போம். உங்கள் வீட்டிலும் வாசிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். விளங்காத இடத்தில் தெரிந்த மாதிரி தலையாட்டாமல், தெரிந்தவரிடம் கேட்போம். கேட்பதில் வெட்கம் இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் வெட்கம்.