வைரத்துக்கு எண்ணெய் பிடிக்கும்

தண்ணீரை ஒட்டவிடாது, எண்ணெயைக் கண்டால் விடாது. வைரத்தின் குணம் அப்படி. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கங்களில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இந்தக் குணத்தை வைத்துக் காசு பார்த்தார்கள். சாய்வான மேசையில் கொழுப்பைத் தடவி, நொறுக்கிய பாறையைத் தண்ணீரோடு அதன் மேல் ஓடவிடுவார்கள். மற்ற கற்கள் வழுக்கிப் போய்விடும். வைரம் மட்டும் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நம் வீட்டில் அந்த மேசையின் வேலையைத் தேங்காயெண்ணெய் செய்கிறது. தலைக்கு வைத்த எண்ணெய், முகத்துக்குப் போட்ட பவுடர், கழுத்துச் சந்தனம், அடுப்படிப் புகை எல்லாம் தோட்டின் பின்புறம் போய்ச் சேர்ந்து பூச்சாகப் படிந்துவிடுகிறது. மூக்குத்தியின் கதி இன்னும் மோசம். கழற்றுவதே அபூர்வம் என்பதால் வருஷக்கணக்கான எண்ணெய் அதில் இருக்கும்.

"வைரம் மங்கிப்போச்சு" என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் கல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மேலிருந்து உள்ளே போகும் ஒளி, கல்லின் கூம்பான அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்பி மேலே வந்தால்தான் ஜொலிப்பு. அடியில் எண்ணெய்ப் படலம் உட்கார்ந்துவிட்டால் ஒளியில் ஒரு பங்கு அந்த வழியாகவே கசிந்து போய்விடும். முன்பக்கத்தைப் புடவைத் தலைப்பால் எத்தனை முறை துடைத்தாலும் பலன் இல்லாதது இதனால்தான். அழுக்கு முதுகில் இருக்கிறது.

சரி, எதால் கழுவுவது? திரவ சோப்பா, பூந்திக்கொட்டையா, இணையத்தில் விற்கிற அதிர்வு இயந்திரமா, பாட்டி காலத்துப் பல்பொடியா, கடையிலேயே கொடுத்துவிடலாமா? இதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நகையைக் கையில் எடுத்து, அதில் எது நோஞ்சான் என்று பார்க்க வேண்டும். இருப்பதிலேயே பலமான கல்லைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. நானும் செய்திருக்கிறேன்.

அத்தையின் கெம்பு அட்டிகை அது. கல்யாணம் ஒன்றுக்குப் போட்டுவிட்டு வந்தேன். வியர்வையும் சந்தனமும் ஒட்டியிருந்தது. கெம்பு கெட்டிக் கல்தானே என்ற தைரியத்தில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் தங்கம் பளபளத்தது. கற்களில் பாதி மட்டும் காய்ந்த ரத்தம் மாதிரி கறுத்துக் கிடந்தன. பத்தர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு முதுகு மூடியிருக்கில்ல, தண்ணி உள்ளே போனா வெளியே வர வழி ஏதும்மா?" என்றார். அந்தக் காலத்து அட்டிகை, ஜிமிக்கி, ராக்கொடி போன்றவற்றில் கல்லுக்கு அடியில் மெல்லிய ரேக்கு வைத்து, அரக்கு நிரப்பி மூடியிருப்பார்கள். கல்லின் சிவப்புக்குப் பாதிக் காரணம் அந்த ரேக்கின் மினுமினுப்பு. ஈரம் புகுந்தால் ரேக்கு கறுக்கும், சூடு பட்டால் அரக்கு இளகும். புவிசார் குறியீடு பெற்ற நாகர்கோவில் வடசேரிக் கோவில் நகைகளுக்கும், நாட்டியத்துக்குப் போடும் செட்டுகளுக்கும் இதுவே விதி: தண்ணீரில் முக்கவே கூடாது. உலர்ந்த மெல்லிய துணி. இடுக்குகளுக்கு ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகை. அதற்கு மேல் அழுக்கிருந்தால் பத்தரிடம்தான் போக வேண்டும்.

ஆக, முதல் கேள்வி முதுகு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது. இப்போது வரும் வைர நகைகளில் பெரும்பாலும் கல்லின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியும். அப்படி இருந்தால் வேலை சுலபம். அந்தக் காலத்து ஏழு கல் தோட்டைத் திருப்பிப் பார்க்காமல் எதிலும் போடாதீர்கள்.

இரண்டாவது கேள்வி, கல் என்ன என்பது. 1812இல் பிரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் ஒரு கடினத்தன்மைப் பட்டியல் போட்டார். அதில் வைரத்துக்கு 10. மாணிக்கம், நீலம், புஷ்பராகம் மூன்றும் ஒரே கனிமம் என்பதால் 9. வைடூரியம் எட்டரை, மரகதம் ஏழரையிலிருந்து 8, கோமேதகம் ஏழுக்குப் பக்கத்தில், பவளம் மூன்று மூன்றரை, முத்து இரண்டரையிலிருந்து நாலரை. ஆனால் எது எதைக் கீறும் என்பதை மட்டும்தான் இந்தப் பட்டியல் சொல்லும். எது உடையும், எது உறிஞ்சும், எது கரையும் என்று சொல்லாது. 10 வாங்கிய வைரமேகூட ஓரத்தில் சரியான கோணத்தில் அடி விழுந்தால் பிளந்துவிடும்.

மரகதத்தைப் பாருங்கள். இயற்கையிலேயே அதற்குள் நுண்ணிய விரிசல்கள் உண்டு. அவை கண்ணில் படாமலிருக்க, விற்பனைக்கு வருமுன்பே எண்ணெயோ பிசினோ ஏற்றிவிடுவார்கள். இதில் மோசடி எதுவுமில்லை, ரத்தின வியாபாரத்தில் காலங்காலமாக உள்ள வழக்கம்தான். வெந்நீரிலோ அதிர்வு இயந்திரத்திலோ போட்டால் அந்த எண்ணெய் வெளியேறி, வாங்கும்போது இல்லாத கோடுகளெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். மாணிக்கத்திலும் ஒரு சிக்கல். மலிவு விலையில் பெரிதாகக் கிடைக்கும் மாணிக்கங்கள் பலவற்றில் விரிசல்களை ஈயக் கண்ணாடியால் நிரப்பியிருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறு பட்டால்கூட அந்தக் கண்ணாடி அரிக்கும். சான்றிதழ் இல்லாத மாணிக்கம் என்றால், நோஞ்சான் என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

முத்தும் பவளமும் வேறு ஜாதி. இரண்டும் கடலில் உயிர்கள் கட்டியவை. பெரும்பகுதி முட்டை ஓட்டில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட். புளிப்பு எதுவும் ஆகாது. எலுமிச்சை, புளி, வினிகர் மட்டுமில்லை, வியர்வையும் மெல்ல மெல்ல மினுமினுப்பைத் தின்னும். மஞ்சளும் வாசனைத் திரவியமும் பட்டால் கறை ஏறும். முத்துமாலைக்கு ஒரே வழிதான்: கழற்றியதும் லேசாக ஈரம் செய்த பருத்தித் துணியால் ஒவ்வொரு முத்தாகத் துடைத்து, தட்டையாகப் பரப்பி நிழலில் உலர்த்துவது. ஊறவைத்தால் முத்தைவிட அது கோத்திருக்கும் பட்டு நூல்தான் முதலில் கெடும். ஈர மாலையை ஆணியில் தொங்கவிட்டால் நூல் நீண்டு முத்துகளுக்கு நடுவே இடைவெளி விழும்.

இப்போது நவரத்தின மோதிரத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் மாணிக்கம், சுற்றிலும் வைரம் முதல் முத்து வரை எட்டு. வைரத்துக்கு ஏற்ற வைத்தியம் செய்தால் முத்து போச்சு, பவளம் போச்சு, மரகதத்தின் எண்ணெயும் போச்சு. அந்த மோதிரத்துக்கு முத்து என்ன தாங்குமோ அதுதான் எல்லை: ஈரத் துணி, உடனே உலர்ந்த துணி. வைரம் கொஞ்சம் மங்கலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பின்பக்கம் திறந்த தங்கத்தில் வைரம், அல்லது விரிசல் நிரப்பாத நீலம், புஷ்பராகம், நல்ல மாணிக்கம் என்றால் என் ஓட்டு சாதாரணத் திரவ சோப்புக்கு. பாத்திரம் தேய்க்க வைத்திருப்பதே போதும், ஆனால் எலுமிச்சை, ப்ளீச் என்று விளம்பரம் செய்யாத ரகமாக இருக்கட்டும். ஒரு கிண்ணத்தில் குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் தண்ணீர், அதில் இரண்டு மூன்று சொட்டு. வைரத்துக்கு இருபது நிமிஷம் ஊறல். மற்றதற்கு ஐந்து போதும். பிறகு சின்னக் குழந்தைகளுக்கான டூத் பிரஷ்ஷால் பின்பக்கமிருந்து மெதுவாகத் துலக்கவும். அலச இன்னொரு கிண்ணம் தண்ணீர். குழாயடிக்குப் போகவே வேண்டாம். தோட்டைவிடத் திருகாணிதான் வாஷ்பேசின் ஓட்டையில் முதலில் போகும். பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுத்து, சில மணி நேரம் காற்றாட விட்டுப் பெட்டியில் வைக்கலாம். டவலில் தேய்த்தால் அதன் நூல் கல்லைக் கவ்வியிருக்கும் கம்பியில் மாட்டி இழுக்கும்.

பூந்திக்கொட்டைக்கு எனக்கு இன்னும் பகை இல்லை, அட்டிகைச் சம்பவத்துக்குப் பிறகும். நகைத் தொழிலில் இருப்பவர்கள் கொட்டையை உடைத்து ஊறவைத்த நுரைத் தண்ணீரில் தங்கத்தைத் துலக்குவதை இன்றும் பார்க்கலாம். கல் வைக்காத சங்கிலி, வளையலுக்கு இதைவிட இதமானது கிடையாது. லேசான அமிலத் தன்மை உண்டு என்பதால் முத்துக்கும் பவளத்துக்கும் கூடாது. வைரத்துக்குப் போடலாம், ஆனால் தண்ணீரை வடிகட்டியாக வேண்டும். கொட்டையின் தோல் துணுக்கு இடுக்கில் சிக்கினால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சோப்பு இருக்க இத்தனை மெனக்கெடுவது ஆசைக்குத்தான்.

அதிர்வு இயந்திரம் ஆசை காட்டும் சாமான். வினாடிக்கு சுமார் 40,000 அதிர்வுகளில் தண்ணீருக்குள் நுண்குமிழிகள் தோன்றி வெடித்து, கை போகாத இடத்து அழுக்கையும் உதறிவிடும். விரிசல் இல்லாத வைரம், உறுதியான கட்டு என்றால் அருமையாக வேலை செய்யும். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் கல்லையும் அதே சிரத்தையோடு கழற்றிவிடும். பொடிக் கற்கள் நெருக்கமாகப் பதித்த நகையையும், மரகதம், ஓபல், முத்து, பவளம், ஒட்டு வைத்த எதையும் அதில் போடக்கூடாது. நடுத்தர வீட்டு நகைப்பெட்டியிலிருந்து இத்தனையையும் கழித்துவிட்டால் இயந்திரத்துக்கு மிஞ்சுவது ஒரு ஜோடித் தோடும் மோதிரமும்தான். அதற்காக வாங்க வேண்டுமா என்பது அவரவர் பர்ஸ்.

பல்பொடியும் பற்பசையும் வேண்டவே வேண்டாம். வைரத்துக்கு அவற்றால் ஒன்றும் ஆகாது. அடி வாங்குவது தங்கம். பற்பசையில் இருக்கும் உராய்வுத் துகள்கள் தங்கத்தைத் தேய்த்துக் கீறிவிடும். பளிச்சென்று தெரிவது அப்போதைக்கு. ப்ளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் கை வைக்கும்போது மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். 18 காரட்டில் நூற்றுக்கு 25 பங்கு வேறு உலோகம். குளோரின் கடிப்பது அதைத்தான், குறிப்பாகக் கல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பிகளில். சிதம்பரம் கவரிங்கில் வெள்ளைக் கல் வைத்தது என்றால், பிரஷ் போட்டால் முலாம் தேயும். துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாசலில் வந்து "நகைக்குப் பாலிஷ் போடலையா" என்று கேட்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ராஜதிராவகம் தங்கத்தையே கரைக்கும். கண்ணெதிரே முக்கி எடுத்துக் கொடுப்பார், நகை மின்னும், கரைந்த தங்கம் அவருடைய கிண்ணத்தோடு போய்விடும்.

கடைக்கோ பத்தரிடமோ போக வேண்டிய நேரமும் உண்டு. கழுவுவதற்கு முன் நகையைக் காதருகே வைத்து விரலால் சுண்டிப் பாருங்கள். கலகலவென்று மெல்லிய சத்தம் கேட்டால் கல் ஆடுகிறது; அதை வீட்டில் தண்ணீரில் போடக்கூடாது. கம்பி முனை புடவையில் மாட்டினால், முத்துக்கு நடுவே நூல் தெரிந்தால், கல்லுக்கு அடியில் நிழல் விழுந்தால், அப்போதும் அதே கதைதான். கொடுக்கும்போது எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு இருக்காது.

அத்தையின் அட்டிகையைப் பத்தர் பிரித்து, கறுத்த ரேக்குகளை எடுத்துவிட்டுப் புதிது வைத்து, அரக்கு நிரப்பிக் கொடுத்தார். எடுக்கும்போது ஒரு கல் உடைந்துவிட்டது. அதற்கு இணையாகக் கிடைத்த கல் ஒரு சாயல் வெளுப்பு. ஓரத்திலிருந்து மூன்றாவதாக அதைப் பதித்திருக்கிறார், பின்கழுத்துப் பக்கமாக. பின்னல் போட்டு மல்லிகை வைத்துக்கொண்டால் தெரிவதில்லை. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.