அறிவினாவிலிருந்து ஐயவினாவிற்கு: பள்ளி வகுப்பறையிலும் நூலகத்திலும் வினாவழிக் கற்றலும் மின்னணு எழுத்தறிவும்

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி மாணவரிடம் கேட்கப்படும் வினாக்களுள் பெரும்பகுதி, கேட்பவர் விடையை முன்னரே அறிந்துள்ள வினாக்களாகும். நன்னூல் இவ்வகையை அறிவினா என்கிறது. வினாவழிக் கற்றலுக்கு அறியாவினாவும், இணையத் தகவலை மதிப்பிடுவதற்கு ஐயவினாவும் இன்றியமையாதன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். திருவள்ளுவர் காலம் குறித்த ஒரு மாதிரிப் பாடத்தின் வழியாக, தமிழ் வகுப்பறையும் பள்ளி நூலகமும் இணைந்து செயற்படக்கூடிய முறை இங்கு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வினாவழிக் கற்றல், மின்னணு எழுத்தறிவு, நன்னூல், ஐயவினா, பள்ளி நூலகம், திருவள்ளுவர் காலம்

முன்னுரை

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் வினாவகை ஆறும் விடைவகை எட்டும் இலக்கணப் பாடமாக இடம்பெற்றுள்ளன. மாணவர் அவற்றை எடுத்துக்காட்டுகளுடன் கற்கின்றனர். பின்னர், வினா எத்தனை வகைப்படும் என்று ஆசிரியர் கேட்க, ஆறு எனக் கூறி வகைகளை வரிசைப்படுத்துகின்றனர். ஆசிரியர் கேட்ட அவ்வினாவே அறிவினாதான். ஆறுவகை வினாக்களின் பெயரையும் சொல்லத் தெரிந்த ஒரு மாணவர், தாமாக ஓர் அறியாவினாவையோ ஐயவினாவையோ எழுப்பி அதற்கு விடை தேடாமலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிட இயலும்.

விடைக்கு உரிய வாயில்கள் பாடநூலும் ஆசிரியரும் மட்டுமே என்றிருந்த காலத்தில் இக்குறை வெளிப்படையாகத் தெரியவில்லை. இன்று மாணவர் கையில் திறன்பேசி உள்ளது. எந்த வினாவிற்கும் நொடிப்பொழுதில் பல விடைகள் வந்து குவிகின்றன. அவற்றுள் எதனை ஏற்பது, எதனை ஐயுறுவது என்பதைக் கற்பிக்கும் பொறுப்பு வகுப்பறைக்கும் நூலகத்திற்கும் உண்டு.

நன்னூல் காட்டும் கற்றல் நெறி

பவணந்தியார் அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என வினாவை ஆறாகப் பகுத்தார். இப்பகுப்பின் அடிப்படை வினாவின் வாக்கிய அமைப்பன்று. வினவுவோரின் நோக்கமும் அறிவுநிலையுமே ஆகும். ‘இச்செய்யுளின் பொருள் யாது?’ என்னும் ஒரே தொடர், ஆசிரியர் வினவும்போது அறிவினாவாகவும் மாணவர் வினவும்போது அறியாவினாவாகவும் அமைகிறது. ஆகவே, வகுப்பறையில் வினாக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் வினாவழிக் கற்றல் நிகழ்ந்துவிடாது. வினவுவோர் யார் என்பது மாற வேண்டும்.

நன்னூலின் பொதுப்பாயிரம் இதற்கு இடமளிக்கிறது. வினவுதலையும், வினவப்பட்டவற்றிற்கு விடை கூறுதலையும் அது மாணவரின் கடமைகளுள் சேர்த்துள்ளது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் புலமையில் காற்பங்கே வாய்க்கும். உடன்பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்பது அதன் கணக்கு. சிந்தனை ஒரு மயக்கநிலையிலிருந்தே தொடங்குகிறது என்று ஜான் டூயி 1910இல் எழுதிய கருத்தும், தகவல் தேடலை ஆறு நிலைகளாகப் பகுத்து, தேடலின் இடையில் தேடுவோரின் உறுதிப்பாடு குறைவது இயல்பே என்று கேரல் குல்தாவ் கண்ட முடிவும் இந்நெறியோடு ஒப்புநோக்கத்தக்கன.

இணையத் தகவலும் ஐயவினாவும்

தற்போதைய பாடநூல்கள் இணையத்தைப் புறக்கணிக்கவில்லை. கியூ.ஆர். குறியீடுகளும், ‘இணையத்தில் காண்க’, ‘அறிவை விரிவு செய்’ போன்ற பகுதிகளும் அவற்றில் உள்ளன. இணையச் செயல்பாடுகள் படிப்படியான வழிகாட்டலுடன் தரப்பட்டுள்ளன. எனினும், இவை மாணவரை முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்ட பக்கத்திற்கே அழைத்துச் செல்கின்றன. நன்னூலின் வகைப்பாட்டைச் சற்று விரித்துக் கூறின், இவை ஏவலின்பாற்படும். கருவியைக் கையாளும் பழக்கம் இவற்றால் கைகூடும். தகவலை மதிப்பிடும் திறன் கைகூடுவதற்கு வேறு பயிற்சி வேண்டும்.

இவ்வேறுபாட்டை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோரின் ஆய்வு தெளிவுபடுத்துகிறது. வரலாற்றறிஞர் 10 பேர், தகவல் சரிபார்ப்போர் 10 பேர், இளநிலை மாணவர் 25 பேர் ஆகியோரிடம் சில இணையதளங்களை மதிப்பிடும் பணி ஒப்படைக்கப்பட்டது. மாணவரும் வரலாற்றறிஞர் பலரும் ஒரே பக்கத்துக்குள் நின்று, அதன் தோற்றத்தையும் இலச்சினையையும் கண்டு மயங்கினர். தகவல் சரிபார்ப்போரோ அப்பக்கத்தை விரைவில் விட்டு வெளியேறி, அதனைப் பற்றிப் பிற தளங்கள் கூறுவனவற்றைத் தேடினர். புலமை மிக்கோருக்கும் இணையத்தில் தனிப்பயிற்சி தேவை என்பதை இது காட்டுகிறது.

தமிழ்ப் புலமை மரபுக்கு இப்பயிற்சி அயலானதன்று. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தது, பல சுவடிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த பின்னரேயாகும். ஒரு சுவடியை மற்றொரு சுவடியால் சோதிப்பதும், ஓர் இணையப் பக்கத்தைப் பிற பக்கங்களால் சோதிப்பதும் ஒரே ஐயவினாவின் இருவேறு வடிவங்களே.

மாதிரிப் பாடம்: திருவள்ளுவர் காலம்

திருவள்ளுவர் வாழ்ந்த காலம் எது என்னும் வினாவை ஒரு மாணவர் இணையத்தில் இட்டால், கி.மு. 31 என்ற விடை பல பக்கங்களில் மீண்டும் மீண்டும் தோன்றும். பக்கங்களின் எண்ணிக்கையே சான்று என மாணவர் கொள்ளும் இடம் இதுவாகும். பாடத்தை இங்கிருந்தே தொடங்கலாம்.

முதற்கட்டத்தில், இப்பக்கங்கள் தனித்தனிச் சான்றுகளா, ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவையா என்பதை மாணவர் குழுவாக ஆராய்வர். கி.மு. 31 என்பது மறைமலையடிகளின் கருத்தோடு தொடர்புடையது என்பதும், தமிழ்நாடு அரசு ஏற்ற திருவள்ளுவர் ஆண்டுக் கணக்கின் அடிப்படை என்பதும் அப்போது தெரியவரும். இரண்டாம் கட்டத்தில் மாற்றுக் கருத்துகள் தேடப்படும். எஸ். வையாபுரிப்பிள்ளை கி.பி. 600ஐ ஒட்டிய காலத்தையும், கமில் சுவெலபில் கி.பி. 450க்கும் 500க்கும் இடைப்பட்ட காலத்தையும் குறித்துள்ளனர். மூன்றாம் கட்டத்தில், ஒவ்வொருவரும் கொண்ட சான்று யாது என்பது வினாவாகும். மொழிக்கூறுகளும் கடன்சொற்களும் ஒருபுறம் நிற்க, மணிமேகலை திருக்குறளை எடுத்தாண்டுள்ளமை மறுபுறம் நிற்கும். அவ்வாறாயின் மணிமேகலையின் காலம் யாது என்ற புதிய அறியாவினா தானே எழும்.

இறுதியில் மாணவர் எழுதுவது ஓர் ஆண்டெண்ணாக இராது. எக்கருத்து எச்சான்றால் எந்த அளவு வலுப்பெறுகிறது என்னும் ஒரு பத்தியாக இருக்கும். அதனைப் பிற குழுக்களுக்கு எடுத்துரைக்கும்போது நன்னூல் கூறும் அரைப்பங்கு நிறைவுறும். அரசின் ஆண்டுக்கணக்கு ஒரு பொதுவழக்கு. காலஆராய்ச்சி தொடர்ந்து நிகழ்வது. இரண்டையும் பிரித்தறியும் மாணவர் திருக்குறளை இழிவுபடுத்துபவர் அல்லர். அதனை ஆய்வுக்குரிய நூலாக மதிப்பவர்.

நூலகத்தின் பங்கு

மேற்கண்ட பாடத்தை ஆசிரியர் ஒருவரே நிகழ்த்துவது அரிது. நூலகர் இங்கு மூன்று நிலைகளில் துணைநிற்க இயலும்.

முதலாவது, மூலத்தின் தன்மையை உணர்த்துதல். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் தட்டச்சு செய்த பனுவல்களைத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் நூல்களைப் பக்கப் படிமங்களாகவும் தருகிறது. முன்னதில் சொல்லைத் தேடுவது எளிது. பின்னதில் பதிப்பாசிரியர், ஆண்டு, முகவுரை ஆகியவற்றை நேரில் காணலாம். தட்டச்சுப் பனுவலில் ஐயம் எழுந்தால் படிமத்தைப் பார்க்க வேண்டும் என்பதை மாணவர் செய்து பழக வேண்டும்.

இரண்டாவது, தமிழுக்கே உரிய தேடல் நுட்பம். ‘புறநானூறு’ என்னும் சொல் வேற்றுமை ஏற்கும்போது ‘புறநானூற்றில்’ எனத் திரிகிறது. எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் தேடற்பொறி ஒரு வடிவத்திற்கு மற்றொன்றைக் காட்டுவதில்லை. சந்தியும் சாரியையும் இவ்விடத்தில் தேடலுக்குப் பயன்படும் அறிவாகின்றன. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய அச்சில் ‘ணை’, ‘லை’ போன்றவற்றின் பழைய வடிவங்களை இனங்காணும் பயிற்சியும் இதனுடன் சேரும்.

மூன்றாவது, தேடலின் வேகத்தைத் தேவையான இடத்தில் தணித்தல். சீ.இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. தேடற்பொறியும் செயற்கை நுண்ணறிவுச் செயலியும் அவ்விதியை மிகுதியாக நிறைவேற்றுகின்றன. நூலைத் தேடும் நேரத்தைச் சேமிக்கலாம்; சான்றை எடைபோடும் நேரத்தைச் சேமித்தால் கற்றலே நின்றுவிடும். இவ்வெல்லையை மாணவருக்குக் காட்டுவது நூலகரின் புதிய பணியாகும்.

முடிவுரை

இம்முறை வகுப்பறையில் வேரூன்றுவதற்கு மதிப்பீட்டு முறையின் மாற்றம் முன்தேவையாகும். விடைக்கு மட்டுமே மதிப்பெண் தரும் தேர்வு, ஐயுறும் மாணவருக்கு இழப்பையே தரும். ஒரு பருவத்திற்கு ஒரு தேடற்பணியையேனும் அளித்து, வினாவின் தரம், ஒப்பிட்ட மூலங்கள், முடிவின் வரையறை ஆகிய மூன்றிற்கும் அகமதிப்பீட்டில் மதிப்பெண் வழங்குவது நடைமுறைக்கு இயன்ற தொடக்கமாகும். மாணவரின் வினாவிற்கு ஆசிரியர் உடனே விடை பகராது, எட்டு விடைவகைகளுள் ஒன்றான வினா எதிர் வினாதலை மேற்கொள்வதும் பயன் தரும். பத்தாம் வகுப்பில் இலக்கணமாகக் கற்பிக்கப்படும் வினாவகைகளை மாணவர் தம் கற்றலுக்குரிய கருவிகளாகக் கையாளும்போதே, கையிலுள்ள திறன்பேசி அறிவுக்கருவியாகும்.