குடியிருக்கும் வீட்டைப் புதுப்பித்தல்: தள்ளிப்போடுவதா, அறை அறையாகச் செய்வதா, வெளியேறிச் செய்வதா

குடியிருக்கும் வீட்டின் மராமத்து தள்ளிப்போவதற்குப் பணம் மட்டுமே காரணமாக இருப்பதில்லை. கையில் பணம் சேர்ந்த ஆண்டில் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு வரும். தேர்வு முடிந்தால் ஒரு கல்யாணம், கல்யாணம் முடிந்தால் பிரசவம். வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்குக் குறைகள் கண்ணில் படாமல் போவதும் உண்டு. உடைந்த தரைக்கல்லைக் கால் தானாகவே சுற்றிக்கொண்டு நடக்கப் பழகிவிடும். ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே ஒரு பக்கெட் நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

தள்ளிப்போடுவது எப்போதும் தவறல்ல. சில வேலைகள் பத்து ஆண்டு காத்திருந்தாலும் பெரிதாகாது. சில வேலைகள் ஒவ்வொரு மழைக்கும் வளரும். இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதி, "எல்லாம் சேர்த்துச் செய்வோம்" என்று மூடிவைப்பதுதான் தவறு.

ஆந்திராவின் சூளூர்பேட்டையில் இந்தப் பிரிவினை கூர்மையாகத் தெரியும். 2022 ஏப்ரலில் நெல்லூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்த ஊர் இது. ஓரத்தில் காளங்கி ஆறு. கிழக்கே பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டி ஸ்ரீஹரிகோட்டா. கடல் அலை வந்து மோதும் தூரத்தில் ஊர் இல்லை. ஆனாலும் உப்பங்கழியின் ஈரக் காற்று ஜன்னல் கம்பியையும் கதவுக் கீலையும் உள்நாட்டு ஊர்களைவிடச் சீக்கிரம் தின்கிறது. ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. 2015 நவம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் இந்தக் கரையோரத்துக்கு அதை நினைவூட்டிய ஆண்டுகள். ஏரியை நெருங்க நெருங்கப் பல இடங்களில் நிலத்தடி நீரிலும் உப்பு.

ஆகவே முதல் கேள்வி, எந்த வேலை தண்ணீரோடு சம்பந்தப்பட்டது என்பதே. தரைக்கு டைல்ஸ் மாற்றுவது, சமையலறை மேடையை உயர்த்துவது, அலமாரி அடிப்பது, வாசல் கிரில்லுக்குப் புது டிசைன் பார்ப்பது: இவற்றைத் தயங்காமல் தள்ளிப்போடலாம். விலைவாசி ஏறும் என்பது தவிர வேறு நஷ்டம் இல்லை. மொட்டைமாடி ஒழுக்கு, குளியலறைச் சுவரில் ஏறும் ஓதம், கூரையில் தெரியும் துருக்கறை, பழைய ஒயரிங் ஆகிய நான்கும் வேறு சாதி. ஒயரிங் தண்ணீரில் சேராது என்று தோன்றும். ஈரச் சுவருக்குள் ஓடும் முப்பது வயது ஒயர் முதலில் தண்ணீரைத்தான் சந்திக்கிறது. முழு ஒயரிங் மாற்ற வசதி இல்லாத ஆண்டிலும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்திவிடலாம். அது அரை நாள் வேலை. எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் எலெக்ட்ரீஷியன் அதோடு சேர்த்தே பார்த்துவிடுவார்.

துருக்கறை விஷயத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் பணம் அதிகம் கரைவது அங்கேதான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால், துரு அந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடம் கேட்கும். இடம் கிடைக்காமல் அடிப்பகுதிக் கான்கிரீட்டைத் தள்ளும். முதலில் கம்பியின் போக்கிலேயே ஒரு மெல்லிய விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு ஒருநாள் அரைத்தட்டு அகலத்தில் சிம்பு பெயர்ந்து அடுப்பின் மேல் விழும். இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கடலோரச் சூழலில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் கேட்கிறது. பழைய வீடுகளின் தளத்தில் அதில் பாதி இருந்தாலே பெரிது. சோதனைக்கு ஒரு ரூபாய் நாணயம் போதும்: ஸ்டூலில் ஏறித் தளத்தின் அடியைத் தட்டினால் நல்ல இடம் 'டக்' என்று கெட்டியாக ஒலிக்கும், பிரிந்த இடம் பொள்ளலாக ஒலிக்கும். பொள்ளல் உள்ளங்கை அளவில் இருந்தால் உதிரும் பகுதியைக் கொத்தியெடுத்து, கம்பியைக் கம்பி பிரஷால் சுத்தமாகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் மூடலாம். அறை முழுக்கப் பொள்ளலாக ஒலித்தால் பொறியாளர் பார்த்த பிறகே மேஸ்திரியைக் கூப்பிட வேண்டும். கறை தெரியாதபடி மேலே சிமென்ட் பூசி வெள்ளையடிப்பது வீட்டை விற்கப் போகிறவர் செய்யும் வேலை.

சுவர் விரிசலுக்கு வேறு சோதனை. விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவைக்க வேண்டும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு சுவரில் மூன்று தேதிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறியிருந்தால் அந்த விரிசல் நடக்கிறது என்று பொருள். அதைத் தள்ளிப்போட முடியாது. இரண்டு மழைக்காலம் கடந்தும் கோட்டைத் தாண்டவில்லை என்றால் அது பூச்சு விரிசல். பெயின்ட் அடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இனி வழிகள். ஒட்டுப்போட்டு ஓட்டுவது, குடியிருந்தபடியே பகுதி பகுதியாகச் செய்வது, வாடகைக்குப் போய் ஒரே மூச்சில் முடிப்பது என மூன்று. இடித்துக் கட்டுவது நான்காவது. ஆனால் அது புது வீடு கட்டும் கணக்கு. தளமும் அஸ்திவாரமும் சேர்ந்து கெட்டிருந்தால் தவிர இங்கே பேச வேண்டியதில்லை.

ஒட்டுப்போடுவது என்றாலே மட்டமாக நினைப்பது வழக்கம். மழை தொடங்க மூன்று வாரமே இருக்கும்போது அதுதான் சரியான வழி. செப்டம்பர் கடைசியில் மொட்டைமாடியைக் கொத்தித் திறப்பதைவிட, சருகு அடைத்த மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்து, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் சாந்தால் உருட்டி மூடி, விரிசல்களுக்கு நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்து அந்த ஆண்டைக் கடப்பது மேல். ஒழுக்கில் பெரும்பாலானவை தளத்தின் நடுவில் அல்ல, இந்த மூலைகளிலும் குழாய் வாயிலும்தான் தொடங்குகின்றன. மாடி முழுக்கத் தகரக் கொட்டகை போடுவது இப்போது பரவலான பழக்கம். வெயிலுக்கும் மழைக்கும் பலன் உண்டு, துணி காயப்போட இடமும் ஆகும். ஆனால் புயல் ஊரில் தகரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டும் தூணும் உறுதியாக இல்லையென்றால் அது அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேரும். அடியிலுள்ள தளத்தில் கம்பி ஏற்கெனவே துருவேறியிருந்தால் கொட்டகை போட்ட பின்னும் உள்ளே இருக்கும் ஈரமும் உப்பும் தம் வேலையை நிறுத்துவதில்லை.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் ஒட்டுப்போடும்போது தனி எச்சரிக்கை தேவை. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செருகி, சுண்ணாம்புச் சாந்தால் பிடித்து, செங்கல் தூளான சுருக்கியைப் போட்டு, மேலே தட்டோடு பதித்த கூரை அது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியே விடவும் செய்யும். அதன்மேல் கெட்டிச் சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி உத்தரத்தின் நுனியை மக்கச் செய்யும். சுண்ணாம்புச் சுவரின் அடியில் ஓதத்தை மறைக்கச் சிமென்ட் பூசினாலும் இதே கதைதான்: பூச்சு நிற்கும், ஓதம் அதற்கு மேல் ஒரு அடி ஏறி உப்பாகப் பூக்கும்.

குடியிருந்தபடியே பகுதி பகுதியாகச் செய்வது பணத்தைப் பிரித்துக் கொடுக்க உதவும் வழி. அதனாலேயே அதிகம் பேர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பாதியில் நிறுத்துகிறவர்களும் இதில்தான் அதிகம். நிற்காமல் போக, வரிசை முக்கியம். மாடித் தளம் முதலில், பிறகு தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும், பிறகு ஒயரிங், பிறகு பூச்சு, அதற்குப் பின் தரை, கடைசியில் பெயின்ட். நடைமுறையில் விருந்தினர் கண்ணில் படும் கூடத்திலிருந்து தொடங்குவதே வழக்கம். புது டைல்ஸ் போட்ட மறு ஆண்டு குழாய்க்காக அதையே உடைப்பது சூளூர்பேட்டையில் மட்டும் நடக்கும் அதிசயம் அல்ல.

வீட்டில் இரண்டு கழிப்பறை இருந்தால் இந்த வழி எளிது. ஒன்றுதான் என்றால், அந்த ஒரு வாரத்துக்கு உறவினர் வீடோ அக்கம்பக்கமோ முன்கூட்டியே ஏற்பாடாகியிருக்க வேண்டும். நீர்த்தடுப்பு, டைல்ஸ், அது இறுகும் நாள் எல்லாம் சேர்த்துக் கழிப்பறை வேலை ஒரு வாரத்துக்குக் குறைவாக முடிவதில்லை. மாடிப் போர்ஷன் வாடகைக்கு விடப்பட்ட வீடுகளில் இன்னொரு நல்ல வாய்ப்பு உண்டு. குடித்தனக்காரர் காலி செய்யும்போது உடனே அடுத்தவரை வைக்காமல், வீட்டுக்காரர் மேலே ஏறிக் கீழே வேலை முடிப்பது. வெளி வாடகையும் இல்லை, வேலையும் கண்ணெதிரில் நடக்கும். மூன்று வழிகளில் எதிலும் சேராத இந்த நடுவழியே, வாய்ப்பிருப்பவர்களுக்கு எல்லாவற்றிலும் சிறந்தது.

தூசிதான் குடியிருப்போரின் பெரிய எதிரி. வேலை நடக்கும் அறையின் வாசலில் தார்ப்பாய் கட்டி ஓரங்களை டேப்பால் ஒட்டினால் பாதி குறையும். பழைய பெயின்டைச் சுரண்டும்போது உலர் உப்புத்தாள் வேண்டாம். நனைத்துச் சுரண்ட வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு ஜன்னல் எனாமலில் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீட்டில் அந்தச் சில நாள் அவர்கள் வேறிடத்தில் இருப்பது நல்லது.

வெளியேறிச் செய்வது செலவு கூடியதாகத் தோன்றும். வாடகை, முன்பணம், இரண்டு முறை சாமான் ஏற்றி இறக்கும் கூலி என்று வரும். ஊரில் விண்வெளித் துறை ஊழியர்களும் அருகிலுள்ள ஸ்ரீசிட்டி ஆலைகளில் வேலை செய்வோரும் வாடகை வீடு தேடுவதால், சில மாதத்துக்கு மட்டும் விட ஒத்துக்கொள்ளும் வீட்டுக்காரர் சுலபத்தில் கிடைக்கமாட்டார். ஆனாலும் தளம் முழுதும் திறக்கப்படும்போதும், கம்பி பழுது மூன்று நான்கு அறைகளில் பரவியிருக்கும்போதும், முட்டுக்கம்பு நட்டுத் தளத்தைத் தாங்கி நிறுத்த வேண்டியிருக்கும்போதும் இது தவிர வேறு வழி கிடையாது. முட்டு நட்ட அறையில் குடித்தனம் நடத்தக் கூடாது. ஆள் இல்லாத வீட்டில் வேலை வேகமாக நடக்கும் என்பது உண்மை. யாரும் கேட்காவிட்டால் மெதுவாகும் என்பதும் உண்மை. மேஸ்திரி மூன்று மாதம் என்றால் வாடகைக்கு ஐந்து மாதம் பேசிவைப்பது விவேகம்.

கூலி பேசும் முறையும் வழிக்கேற்ப மாறும். திறந்து பார்த்தால்தான் தெரியும் வேலைக்கு, அதாவது தளம், ஓதம், பழைய குழாய் ஆகியவற்றுக்கு, நாள் கூலியே நியாயம். மொத்தமாகப் பேசினால் மேஸ்திரி பயத்துக்கும் சேர்த்து விலை சொல்வார், அல்லது நடுவில் தகராறு வரும். அளந்துவிடக்கூடிய டைல்ஸ், பூச்சு, பெயின்டுக்குச் சதுர அடிக் கணக்கு.

பொருள் வாங்குவதில், பகுதி பகுதியாகச் செய்பவர்கள் டைல்ஸை மட்டும் முழு வீட்டுக்கும் ஒரேயடியாக வாங்கலாம். பெட்டியில் அச்சிட்ட பேட்ச் எண் மாறினால் நிறமும் மாறும். சிமென்டை அப்படி வாங்கக் கூடாது. இந்த ஈரக் காற்றில் மூன்று மாதம் கிடந்த மூட்டை பலம் இழந்திருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனதால், அதற்கு முன் வாங்கிய எஸ்டிமேட்டைப் புதிதாகப் போடச் சொல்லிக் கேட்கலாம். தண்ணீரும் ஒரு கட்டுமானப் பொருள்தான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது அதே ஐ.எஸ். 456. போர்த் தண்ணீர் நாக்கில் கரித்தால் சோதித்துப் பார்க்காமல் கலவைக்கு விடக் கூடாது. கம்பி துருவேறியதற்காகப் பழுது பார்க்கும் தளத்தில் உப்புத் தண்ணீரை ஊற்றுவதைப் போன்ற வீண் வேறில்லை.

காலத்தைப் பொறுத்தவரை, பொங்கல் கழிந்து ஏப்ரல் வரைதான் மாடி வேலைக்கு நல்ல பருவம். அக்னி நட்சத்திர வெயிலில் பூச்சு ஒரு மணி நேரத்தில் காய்ந்து மயிர்விரிசல் விடும். ஈரச்சாக்கு போட்டுப் பத்து நாள் நனைக்க ஆள் இருந்தால் மட்டுமே அதில் இறங்கலாம். பிறகு ஆஷாடமும் ஆடியும். தெலுங்கு ஆஷாடம் அமாவாசைக் கணக்கில் ஜூன் ஜூலையில் வரும். தமிழ் ஆடி ஜூலை நடுவில்தான் பிறக்கும். நிலை வைக்கத் தமிழ் வீட்டுக்காரர் ஒப்பும் நாள் தெலுங்கு மேஸ்திரிக்கு ஆகாது. மேஸ்திரிக்குச் சிராவணம் பிறந்த பின்னும் வீட்டுப் பாட்டிக்கு ஆடி முடிந்திருக்காது. இருவர் பஞ்சாங்கத்தையும் பார்த்தால் சில ஆண்டுகளில் ஏழெட்டு வாரம் போய்விடும். குழாய், ஒயரிங், பூச்சுக்கு முகூர்த்தம் தேவையில்லை என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்வதால் அந்த வாரங்களை அவற்றுக்கு ஒதுக்கலாம்.

கடன் வாங்குவோர் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்திருக்க வேண்டும். பழைய வரி முறையில், சொந்தக் குடியிருப்பைக் கட்டவோ வாங்கவோ எடுத்த கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. மராமத்துக்கு எடுத்த கடனுக்கு அதே இடத்தில் 30,000 ரூபாய்தான். புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டுமே இல்லை. வரிக்காகப் பெரிய கடன் எடுத்து எல்லா வேலையையும் ஒரே ஆண்டில் முடிப்பதில் பயன் குறைவு. தளத்துக்கும் குழாய்க்கும் மட்டும் கடன், மற்றவை சேமிப்பிலிருந்து என்பது பலருக்குப் பொருந்தும்.

பெயின்ட் எந்த வழியிலும் கடைசி. புதுப் பூச்சு முழுதாக உலர நான்கு வாரமாவது விட வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் பூச்சு முடிந்தால் செப்டம்பர் கடைசியில் பெயின்ட் அடிக்கலாம்; அதற்குப் பிந்தினால் வெளிச்சுவருக்குப் பிரைமர் மட்டும் கொடுத்துவிட்டு, மழை ஓய்ந்து சுவர் காய்ந்ததும் சங்கராந்திக்குப் பிறகு மீதியை அடித்துக்கொள்ளலாம்.