ஷாக் மேல் பழி போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

தாத்தாவின் பழைய புல்லட், பெருநகரிலிருந்து உத்திரமேரூர் வரும் வழியில் வளைவுக்கு வளைவு பின்பக்கம் நெளிகிறது என்று எழுதியிருந்தாய். "ஷாக் போச்சு, கேஸ் ஷாக் மாட்டிடலாம்" என்று பட்டறையில் சொன்னார்களாம். எந்த ஷாக் வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறாய். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. வண்டி எப்படி ஆடினாலும் ஷாக் மேல்தான் பழி!

ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய், ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. சீட்டை அழுத்திவிட்டுப் பார். ஒரு தடவை எழுந்து அடங்கினால் ஷாக் பிழைத்திருக்கிறது, குதித்துக்கொண்டே இருந்தால் போய்விட்டது. இதெல்லாம் மேலும் கீழுமான சங்கதி. உன் வண்டியோ பக்கவாட்டில் நெளிகிறது. கீல் ஆடும் கதவுக்கு ஸ்பிரிங் மாற்றி என்ன பயன்?

இங்கே கீல், ஸ்விங் ஆர்ம் சாசியோடு சேரும் இடத்தில் இருக்கும் புஷ். இரண்டு புஷ்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் போல இரண்டு மடங்கு நீளமுள்ள கையில் (ஸ்விங் ஆர்மைத்தான் கை என்கிறேன்), புஷ்ஷில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் பின் ஆக்ஸிலில் ஒரு மில்லிமீட்டராகும். அதோடு சக்கரமும் சாயும்.

1948இல் இங்கிலாந்தில் கோல்மோர் கோப்பைப் போட்டிக்கு ராயல் என்ஃபீல்டு இந்த ஸ்விங் ஆர்மோடு புல்லட்டைக் கொண்டுபோனபோது, பின்சக்கரம் அசையாமல் இருந்தால்தான் சேற்றில் பிடிக்கும் என்று நம்பியவர்களே அதிகம். அதே ஆண்டு இத்தாலியில் நடந்த ஆறு நாள் போட்டியில் புல்லட் ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது இங்கே வந்ததும் அந்த அமைப்புதான்.

ஃபில் இர்விங் எழுதிய மோட்டார் சைக்கிள் பொறியியல் புத்தகம் கிடைத்தால் விடாதே. வின்சென்ட் வண்டியை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். அந்த வண்டியின் பின்கை சாசியோடு சேரும் அச்சாணியில் டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும். ஆட்டம் வந்தால் இறுக்கிக்கொள்ளலாம். சாசி முறுக்கிக்கொள்ளாமல் இருந்தால்தான் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்யும் என்பதற்கு 1950இல் நார்ட்டன் சாட்சி சொன்னது. மக்கேன்ட்லெஸ் சகோதரர்கள் வடிவமைத்த புது சாசியில் ஜெஃப் டியூக் ஐல் ஆஃப் மேன் சீனியர் பந்தயத்தை வென்றார். எஞ்சின் பழையது, சாசிதான் புதிது. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும், 'அவ்வளவு பெரிய பந்தயத்தை எஞ்சின் இல்லாமலா ஜெயிச்சாங்க?' என்றே கேட்கிறார்கள்.

சரி, உன் வண்டிக்கு வருகிறேன். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கழற்றி, இரண்டு ஷாக்குகளின் கீழ்போல்ட்டையும் எடுத்துவிடு. எடுக்காமல் அசைத்துப் பார்ப்பவர்கள்தான் "ஆட்டமே இல்லை" என்கிறார்கள். ஸ்பிரிங்கின் அழுத்தம் ஆட்டத்தை மறைத்துவிடும். கையின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளு. துளிகூட அசையக் கூடாது. மேலும் கீழும் மட்டும் சிக்காமல் போய்வர வேண்டும்.

அசைந்தால் புஷ் மாற்று. சுத்தியால் அடித்து ஏற்றாதே; நீள போல்ட்டும் வாஷரும் போட்டு இழுத்து ஏற்று. ஏற்றியதும் உள்துளை சற்று இறுகும். லேத் பட்டறையில் இரண்டு புஷ்ஷையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் போட்டுத் தரச் சொல். கிரீஸ் நிப்பிள் இருந்தால் பழைய கறுப்பு கிரீஸ் முழுக்க வெளியே வரும்வரை புது கிரீஸ் அடி.

அடுத்தது எஞ்சின் போல்ட்டுகள். புல்லட் சாசியில் எஞ்சினுக்கு அடியில் குழாய் கிடையாது. முன்குழாயையும் பின்பகுதியையும் இணைப்பதே எஞ்சின்தான். அந்த போல்ட்டுகள் தளர்ந்தால் சாசியே தளர்ந்ததாக அர்த்தம். பெயிண்டில் மயிரிழை விரிசலும் அதன் ஓரம் துருக்கோடும் தெரிகிறதா என்று இணைப்பு இணைப்பாகப் பார். இதைப் பார்க்காமல் பவுடர் கோட்டிங் அடித்துப் பளபளப்பாக்குபவர்களை என்ன சொல்ல! உள்ளே விரிசல் நிம்மதியாக வளரும். விரிசல் கண்டால் தெருமுனை வெல்டிங்குக்கு ஓடாதே. சூட்டில் சாசி கோணும்.

கடைசியாக, சக்கரத்தைத் திரும்ப மாட்டி, இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார். உன் வண்டிக்கு முன்னும் பின்னும் ஒரே 3.25-19 டயர்தான் என்பதால், நூல் நான்கு இடத்தில் டயரைத் தொட வேண்டும். இரண்டு பக்கமும் செயின் அட்ஜஸ்டரில் ஒரே பல்லில் வைத்தேன் என்று சொல்லாதே. கை கோணியிருந்தால் பல் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை.

இதையெல்லாம் இந்த வரிசையிலேயே செய். இத்தனைக்குப் பிறகும் நெளிந்தால், அப்போது ஷாக் விலை விசாரிக்கலாம். புஷ்ஷில் எவ்வளவு ஆட்டம் இருந்தது என்று அளந்து எழுது. "கொஞ்சம் இருந்தது சார்" என்று எழுதினால் பதில் போட மாட்டேன்.

ஆசிகளுடன்,
உன் வாத்தியார்