முகநூல் பக்கமும் குத்தகைக் காணியும்

அடுத்தவர் காணியில் பயிர் செய்தவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். குத்தகைக் காணியில் மிளகாய் போடலாம், பயறு விதைக்கலாம். ஆனால் தென்னை வைப்பதில்லை. அது காய்க்கும் முன்னரே காணிக்காரர் காணியைத் திருப்பிக் கேட்கக்கூடும்.

இன்று எமது குடும்பங்கள் சில ஒடியல் மா, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் போன்றவற்றை முகநூல் பக்கம் வழியாக விற்கின்றன. நல்ல முயற்சி. ஆயினும் அந்தப் பக்கமும் ஒரு குத்தகைக் காணியே. அதனை இப்பாடத்தில் விளங்கிக்கொள்வோம்.

விதிகள் மாறிய விதம்

முகநூல் நிறுவனம் 2007 நவம்பரில் வியாபாரப் பக்கங்களை ஆரம்பித்தது. இலவசம் என்பதால் உலகெங்கும் சிறு வியாபாரிகள் பக்கம் திறந்து ஆட்களைச் சேர்த்தார்கள். நூறு பேர் சேர்ந்தால் நாம் போடும் செய்தி நூறு பேருக்கும் போகும் என்றே பலர் நினைத்தார்கள். அப்படியல்ல. யாருக்கு எதைக் காட்டுவது என்பதை நிறுவனத்தின் கணனியே தீர்மானிக்கின்றது. ஒரு பக்கத்தின் செய்தி சராசரியாக 100 பேரில் 16 பேரையே சென்றடைகின்றது என 2012இல் அந்நிறுவனமே கூறியது. பின்னர் அது மேலும் குறைந்தது. 2018 ஜனவரியில், நண்பர்கள், உறவினர்களின் செய்திகளுக்கே முதலிடம் என்றும், வியாபாரப் பக்கங்களின் செய்திகள் குறைவாகவே காட்டப்படும் என்றும் அறிவித்தது. கூடுதலானோருக்குக் காட்ட விரும்பினால் விளம்பரத்துக்குப் பணம் கட்டலாம். அந்நிறுவனத்தின் வருமானம் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்தே வருகின்றது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

வழியே அடைபடும் நாட்களும் உண்டு. எமது நாட்டில் 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்செயல்களின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னரும் அரசாங்கம் சமூக வலைத்தளங்களைத் தடைசெய்தது. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி முகநூலும் வட்ஸ்அப்பும் உலகமெங்கும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்கள் செயலிழந்தன. அவற்றை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு அன்று கடை பூட்டு.

நாம் செய்யக்கூடியவை

1. வாங்குவோரின் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை, அவர்களின் சம்மதத்துடன், ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

2. ஒவ்வொரு பொதியிலும் உங்கள் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒட்டுங்கள்.

3. பக்கம் ஒருவரின் சொந்தக் கணக்கின் மூலமே இயங்குகின்றது. அக்கணக்குப் பறிபோனால் பக்கமும் கைவிட்டுப் போகலாம். எனவே நம்பிக்கையான இருவருக்காவது முழுப் பொறுப்பையும் கொடுங்கள்.

4. விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதானால் முதலில் சிறு தொகையுடன் தொடங்குங்கள். எத்தனை பேர் விருப்பம் தெரிவித்தார்கள் என்று எண்ணாமல், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணுங்கள். இலாபம் விளம்பரச் செலவிலும் குறைவாயின் நிறுத்திவிடுங்கள்.

5. சந்தையையும் கூட்டுறவுக் கடையையும் ஊர்க் கடைக்காரரையும் கைவிடாதீர்கள்.

பக்கத்தை மூடிவிடும்படி நாம் சொல்லவில்லை. குத்தகைக் காணியில் விளைவதை அறுவடை செய்யுங்கள். விதைநெல்லை உங்கள் வீட்டிலேயே வையுங்கள். அந்தக் கொப்பிதான் உங்கள் விதைநெல்.

குழுவில் கலந்துரையாடுவதற்கு

அ. நாளை உங்கள் பக்கம் இல்லாமற்போனால், வாங்குவோரில் எத்தனை பேரை உங்களால் தொடர்புகொள்ள முடியும்?

ஆ. உங்கள் குழுவில் பக்கத்தின் பொறுப்பு யார் யாரிடம் இருக்கின்றது?

இ. அடுத்த கூட்டத்துக்கு முன் எத்தனை பெயர்களைக் கொப்பியில் எழுதி முடிப்பீர்கள்?