சுருங்கிப்போன ஸ்வெட்டரும் ஒரு கம்பளிக் கிண்ணமும்

சென்ற டிசம்பர் விடுமுறையில் மர்ஹூம் அப்பாவின் ஸ்வெட்டரை நான் பாழாக்கிவிட்டேன். உம்மும்மா மடித்து வைத்திருந்த அசல் கம்பளி ஸ்வெட்டர் அது. பூஞ்சண வாடை போகட்டும் என்று கொதிநீரில் சவர்க்காரத்தூள் போட்டுக் கசக்கினேன். எடுத்துப் பார்த்தால் ஐந்து வயதுப் பிள்ளையின் அளவு. உம்மும்மா ஏசவில்லை, அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஏன் சுருங்கியது என்று தேடத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை. கம்பளி இழை கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் மேற்பரப்பில் மீன் செதில்போல நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் சேர்ந்தால் அவை விரியும். சவர்க்காரம் இழைகளை வழுக்கவிடும். கசக்கும்போது இழைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். பிறகு பிரிக்கவே இயலாது. நான் செய்தது தவறுதான். ஆனால் உலகில் பலர் அதையே வேண்டுமென்று செய்கிறார்கள். காஷ்மீரில் கம்பளியைப் பரப்பி, சவர்க்கார நீர் தெளித்து, பாயில் சுருட்டி உருட்டி 'நம்தா' விரிப்புச் செய்கிறார்கள். கிர்கிஸ் மக்களின் இத்தகைய விரிப்புக் கலையை யுனெஸ்கோ 2012 இல் பாதுகாக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. கம்பளியால் ஆன வீட்டுப் பொருட்களை அல்லாஹ்வின் அருட்கொடையாகச் சூறா அந்நஹ்லின் 80 ஆம் வசனம் நினைவூட்டுவதையும் அப்போதுதான் கவனித்து ஓதினேன்.

உம்மும்மாவுக்கு ஒரு கிண்ணம் பின்னிக் கொடுக்க நினைத்தேன். நுவரெலியாவில் வாங்கிய நூலில் பின்னி, அரை மணி நேரம் வெந்நீரில் தேய்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை! அது அக்ரிலிக். அதில் செதில் ஏது? இயந்திரத்தில் கழுவலாம் என்று எழுதியிருக்கும் கம்பளி நூலும் பெரும்பாலும் உதவாது. சுருங்காதபடி அதைப் பதப்படுத்தியிருப்பார்கள்.

நூல் வந்தது நீலகிரியிலிருந்து. 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நம் தோட்டங்களிலிருந்து அங்கு போன குடும்பங்கள் பல. என் தோழியின் பெரியம்மா குடும்பமும் அவற்றில் ஒன்று. கல்யாணத்துக்கு வந்தவர் கையால் நூற்ற கம்பளி நூல் கொண்டுவந்தார். நீலகிரியில் மென்மையான கம்பளி தரும் செம்மறி இனமே உண்டு. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் அதற்கு ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. கைநூல் ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெலிவு. முறுக்குக் குறைந்த ஒற்றை இழை என்பதால் அது சீக்கிரம் இறுகும்.

முதலில் 10 சென்ரிமீற்றர் சதுரத் துண்டொன்றைப் பின்னிச் சுருக்கிப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்க்காதீர்கள். பிறகு தடித்த ஊசியில், தளர்வாக, 64 கண்ணிகளை வட்டமாக ஏற்றிச் சுவரைப் பின்னுங்கள். அடிப்பாகத்துக்கு ஒன்றுவிட்ட ஒரு சுற்றில் 8 கண்ணிகள் வீதம் குறைத்து, மிஞ்சும் எட்டையும் நூலால் இழுத்துக் கட்டுங்கள். பின்னி முடித்தது தொப்பிபோலத் தொளதொளவென்றிருக்கும், பயப்பட வேண்டாம். கையுறை போட்டு, வெந்நீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத் தேயுங்கள். கண்ணிகள் தெரியாமல் மறையும்போது நிறுத்திக் குளிர்நீரில் அலசுங்கள். அகலத்தைவிட உயரம் அதிகம் சுருங்கும். இதை அறியாமல் என் முதலாவது கிண்ணம் சாம்பிராணித் தட்டாகிவிட்டது!

இரண்டாவதை உயரமாகப் பின்னினேன். ஈரத்தோடு ஒரு கோப்பையின் மேல் கவிழ்த்து வடிவம் கொடுத்தேன். எங்கள் ஊர் மழையில் காய நான்கு நாட்கள் பிடித்தன. விளிம்பு ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. உம்மும்மா தஸ்பீஹ் மணியை இப்போது அதில்தான் வைக்கிறார். ஸ்வெட்டரை எறிய அவர் விடவில்லை. அது அலுமாரியில், பழைய இடத்திலேயே இருக்கிறது.