துளை போட்டால் தூள் எங்கே?

டிரில்லிங் மெஷினில் துளை போட்டால் சிப் சுருள் சுருளாக விழும். இது முதல் வருட ஒர்க்‌ஷாப்பிலேயே நாம் பார்த்ததுதான். சிப்பே விழாமல் துளை போடும் முறையும் உண்டு. பெயர் ஃபிரிக்‌ஷன் டிரில்லிங். தமிழில் உராய்வுத் துளையிடல் எனலாம். வீட்டில் சொன்னபோது அப்பா, "அப்ப தூள் எங்கடா போச்சு?" என்றார். சரியான கேள்வி.

இதில் வெட்டுமுனை கிடையாது. கூம்பு வடிவ டங்ஸ்டன் கார்பைடு கருவி, நிமிடத்துக்கு 2000, 3000 சுற்று சுழன்றபடி தகட்டை அழுத்தும். உராயும் சூட்டில் இரும்பு உருகாது, களி மாதிரி இளகும். ஒதுங்கிய இரும்பு அடியில் குழலாக இறங்கும். 2 மி.மீ. தகட்டில் மரை போட இடமேது? குழலோடு சேர்த்தால் நாலைந்து மரை கிடைத்துவிடும், நட்டை வெல்டு வைக்க வேண்டியதில்லை.

எங்களிடம் அந்தக் கருவி இல்லை, கம்ப்யூட்டர் இருந்தது. துளையைச் சுற்றி அரை மி.மீ. அகல வளையங்களாகத் தகட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு வளையத்துக்கும் வரும் வெப்பத்தில் போகும் வெப்பத்தைக் கழித்தால் சூடு எவ்வளவு ஏறும் என்று தெரியும். காலத்தை 0.009 விநாடிக்கு மேல் தாண்டவிடக் கூடாது. தாண்டினால் ஒரு வளையம் கொதிக்கும், பக்கத்து வளையம் மைனஸில் போகும். இதற்கே எனக்கு 2 நாள் போயிற்று.

முறுக்குவிசை 5 நியூட்டன் மீட்டர், வேகம் 2500 சுற்று என்று வைத்தேன். பெருக்கினால் சுமார் 1300 வாட். மூன்றே விநாடியில் 1900 டிகிரி வந்தது! பெருமையோடு செமினாரில் காட்டினேன். சார் ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, இரும்பு எத்தனை டிகிரியில உருகும்?" சுமார் 1500. என் தகடு தண்ணீராக ஓடியிருக்க வேண்டும். வகுப்பே சிரித்தது.

தப்பு புரோகிராமில் இல்லை, நான் கொடுத்த 5-ல் இருந்தது. 600 டிகிரியில் சாதா எஃகின் பலம் பாதிக்கும் சற்றுக் கீழே, 800-ல் பத்தில் ஒரு பங்குதான். இரும்பு இளகினால் கருவிக்கு எதிர்ப்பு குறையும், முறுக்குவிசை குறையும், பிறக்கும் சூடும் குறையும். சூடே சூட்டுக்குக் கடிவாளம்! ஒவ்வொரு படியிலும் பலத்தைத் திருத்திக்கொள்ளும்படி மாற்றியதும் கணக்கு 650 பக்கம் வந்து நின்றது.

இரும்பு குழலாக வழிவதை என் புரோகிராம் காட்டாது. அதற்கு ஃபைனைட் எலிமென்ட் முறை வேண்டும். கருவி உறிஞ்சும் சூட்டையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. சேர்த்தால் அந்த 650 இன்னும் கொஞ்சம் இறங்கும்.